எழுத்தில்லாத கல்

1

போன தை மாதம் எங்கள் ஊர் இளைஞர்கள் நான்கு பேர் நான் வேலை பார்க்கும் வங்கிக் கிளைக்கு வந்தார்கள். நகைக்கடன் விஷயமாக இருக்கும் என்று நினைத்தேன். இல்லை. ஊர் எல்லையில், எங்கள் கொல்லைமேட்டை ஒட்டி நிற்கிற வேடியப்பன் கல்லுக்கு மேடை கட்டித் தகரக்கூரை போடப்போகிறார்களாம். பக்கத்தில் ஒரு பலகையும் வைக்க வேண்டுமாம். 'நீங்கதான் எழுதறவராச்சேண்ணா, நாலு வரி எழுதிக் குடுங்க. அதியமான் படையில செத்த வீரன்னு வந்துடணும்' என்றான் அவர்களில் மூத்தவன்.

எதை வைத்துச் சொல்கிறாய் என்று கேட்டேன். 'தகடூர்ல இருக்கற கல்லு அதியமான் கல்லா இல்லாம வேற யாரு கல்லா இருக்கும்?' என்றான். வரிசையில் ஆட்கள் நின்றுகொண்டிருந்ததால் பிறகு பார்க்கலாம் என்று அனுப்பிவிட்டேன். ஆனால் அந்தக் கேள்வி எளிதில் விடுவதாக இல்லை. அவன் கேட்டது ஒரு கல்லைப் பற்றி என்றாலும், நம்மில் பலர் மரபு என்ற சொல்லைக் கையாளும் விதமும் ஏறக்குறைய இதுதான் என்று எனக்குப் படுகிறது. இடம் நம்முடையது, ஆகவே அங்கே கிடக்கிற பழசு எல்லாம் நம்முடையது. பழசு நம்முடையது, ஆகவே நாம் பெரியவர்கள். இந்தத் தர்க்கத்தை மேடையில் கேட்டால் சிரிக்கிறோம். கட்டுரையில் நாமே எழுதும்போது அதற்குப் பிரக்ஞை என்று பெயர் கொடுத்துவிடுகிறோம்.

கல்லைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். இடுப்பளவு உயரம். புடைப்பாக ஒரு மனித உருவம். இடது கையில் வில், வலது கையில் குறுவாள், கால்கள் வேகமாக நடக்கிற பாவனையில் விலகியிருக்கின்றன. கீழே ஒரு மூலையில் மாடு மாதிரி ஒன்று தேய்ந்து கிடக்கிறது. எண்ணெயும் மஞ்சளும் ஏறி முகம் போய்விட்டது. வட்டெழுத்து வாசிக்கத் தெரிந்த நண்பர் ஒருவரை அழைத்துப்போய்க் காட்டினேன். இருட்டிய பிறகு டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்து, விரலால் தடவி, அரைமணி நேரம் பார்த்தார். 'எழுத்து இல்லை. செதுக்கியிருக்கிற விதத்தை வைத்து ஆயிரம் வருஷமாவது இருக்கும் என்று சொல்லலாம். அதற்குமேல் நான் ஏதாவது சொன்னால் அது ஜோசியம்' என்றார்.

இன்னொரு விஷயத்தையும் ஆரம்பத்திலேயே சொல்லிவிடுவது நல்லது. எங்கள் வீட்டில் பேசுவது கன்னடம். நான் எழுதுவது, சண்டை போடுவது, கனவு காண்பது எல்லாம் தமிழ். 2011ஆம் வருஷக் குடிக்கணக்குக்கு வந்த ஆசிரியர் திண்ணையில் உட்கார்ந்து தாய்மொழி என்ன என்று கேட்டபோது அப்பா சற்றும் யோசிக்காமல் 'தமிழ்' என்றார். உள்ளேயிருந்து அஜ்ஜி 'நம்து கன்னட' என்று குரல் கொடுத்தாள். ஆசிரியர் பேனாவை நிறுத்தி அப்பாவைப் பார்த்தார். அப்பா என்னைப் பார்த்தார். கடைசியில் என்ன எழுதப்பட்டது என்பதை நான் கவனிக்கவில்லை, அல்லது கவனிக்க விரும்பவில்லை. நாம் எப்போது இந்தப் பக்கம் வந்தோம் என்று அன்றிரவு அஜ்ஜியைக் கேட்டேன். 'எங்கிருந்து வர்றது? இங்கேதான் இருந்தோம்' என்றாள். வேடியப்பனுக்கு வருஷம் தவறாமல் பொங்கல் வைத்தது அவள்தான்.

2

அதியமான் நெடுமான் அஞ்சியைப் பற்றி நமக்கு ஸ்தூலமாக என்ன தெரியும்?

ஔவையும் பரணரும் பாடிய பாட்டுகள் வழியாகத் தெரியும். சாவைத் தள்ளிப்போடும் நெல்லிக்கனியைத் தான் தின்னாமல் ஔவைக்குக் கொடுத்த கதை தெரியும். அவனுடைய தகடூரைப் பெருஞ்சேரல் இரும்பொறை அழித்தான் என்பது பதிற்றுப்பத்தில் அரிசில்கிழார் அந்தச் சேரனைப் பாடிய எட்டாம் பத்தால் தெரியும். அந்தப் போரைப் பற்றியே 'தகடூர் யாத்திரை' என்று ஒரு நூல் இருந்தது. இன்று அது இல்லை. உரைகாரர்கள் எடுத்துக்காட்டிய பாட்டுகளாகவும் புறத்திரட்டில் சேர்ந்த பாட்டுகளாகவும் சிதறிக் கிடக்கிறது. ஆக, எங்கள் மாவட்டத்தின் பெருமைக்கு அஸ்திவாரமான புத்தகம் தொலைந்துபோன புத்தகம். கிடைத்திருப்பதிலும் கணிசமானது ஜெயித்தவன் பக்கத்துச் சாட்சி.

அதே புறநானூற்றில் அஞ்சியின் முன்னோரைப் பற்றி ஔவை ஒரு தகவல் சொல்கிறார். கரும்பை இந்த நாட்டுக்கு முதலில் கொண்டுவந்தவர்கள் அவர்கள்தானாம். அதாவது கரும்பு இங்கே வெளியிலிருந்து வந்த பயிர் என்ற நினைவு அந்தக் காலத்திலேயே இருந்திருக்கிறது. கொண்டுவந்ததைப் பெருமையாகச் சொல்ல அவர்கள் கூசவில்லை. இன்றைக்குப் பாலக்கோட்டிலும் அரூர் பக்கத்திலும் கூட்டுறவுச் சர்க்கரை ஆலைகள் இருக்கின்றன. கரும்புக்குக் கடன் கேட்டு வருகிறவர்களுக்குப் படிவம் நிரப்பித் தருகிற நான் இதை அடிக்கடி நினைத்துக்கொள்வதுண்டு. வந்த பயிர் எத்தனை தலைமுறையில் சொந்தப் பயிர் ஆகிறது?

இலக்கியம் போகட்டும், கல் என்ன சொல்கிறது? அசோகனுடைய இரண்டாம் பாறைச் சாசனம் தன் எல்லைக்கு அப்பால் தெற்கே இருக்கிறவர்களை வரிசைப்படுத்துகிறது: சோழர், பாண்டியர், சத்தியபுத்திரர், கேரளபுத்திரர், அப்புறம் தாமிரபரணி என்னும் இலங்கை. இதில் சத்தியபுத்திரர் யார் என்பதில் ரொம்ப நாள் தகராறு இருந்தது. காஞ்சி என்றார்கள், துளுநாடு என்றார்கள், சத்தியமங்கலம் என்றார்கள், கோசர் என்றார்கள். அவரவர் ஊருக்கு அசோகன் கையால் ஒரு பட்டம் வாங்கித்தருவதில் அவரவருக்கு ஆசை. அதியமான்தான் அது என்று கே. ஜி. சேஷய்யர் போன்ற சிலர் முன்பே சொல்லிவந்தார்கள், பெயரின் ஒலியை முக்கியமான சாட்சியாக வைத்து. 1981இல் தமிழ்நாடு தொல்பொருள் ஆய்வுத்துறை திருக்கோவலூருக்குப் பக்கத்து ஜம்பையில் ஒரு குகையில் தமிழ்ப் பிராமி எழுத்தில் ஒரு வரியைக் கண்டுபிடித்தது. 'ஸதியபுதோ' அதியன் நெடுமான் அஞ்சி கொடுத்த பாழி, அதாவது துறவியர் தங்கும் இடம், என்பது அதன் பொருள். கி.பி. முதல் நூற்றாண்டு என்று ஐராவதம் மகாதேவன் கணிக்கிறார். அதற்கும் முந்தியது என்பவர்களும் உண்டு. எப்படியானாலும் வழக்கு முடிந்தது என்று நாம் கொண்டாடினோம். கொண்டாட வேண்டிய விஷயம்தான்.

ஆனால் அந்த ஒற்றை வரியைக் கொஞ்சம் நின்று வாசித்துப் பார்க்கலாம். அது இருப்பது தகடூரில் அல்ல. கிழக்கே வெகுதூரம் தள்ளி, அவன் வென்றதாகப் பாடப்படும் கோவலூரின் அருகில். அது சொல்வது போரைப் பற்றி அல்ல. ஏழு பேரை வென்றவன் என்று புலவர் பாடிய ஒருவன், கல்லில் நமக்கு விட்டுப்போயிருப்பது துறவிகளுக்குப் படுக்க இடம் கொடுத்த செய்தி. மூன்றாவது, எனக்கு மிக முக்கியமாகப் படுவது: அந்த வரியின் முதல் சொல் தமிழே அல்ல. 'ஸதியபுதோ' என்பது பிராகிருதம். தமிழில் இல்லாத அந்த 'ஸ'வுக்காகவே பிராமியிலிருந்து ஓர் எழுத்தை எடுத்து வைத்திருக்கிறார்கள். வடக்கே தன்னை எந்தப் பெயரால் அழைத்தார்களோ அந்தப் பெயரையும், ஊரில் தன்னை எப்படிக் கூப்பிட்டார்களோ அந்தப் பெயரையும் ஒரே மூச்சில் அவன் சொல்லிக்கொள்கிறான். இரண்டுக்கும் நடுவில் அவனுக்குச் சங்கடம் இருந்ததாகத் தெரியவில்லை. சங்கடம் எல்லாம் நமக்குத்தான்.

3

அஞ்சிக்கும் எங்கள் ஊர்க் கல்லுக்கும் நடுவில் பல நூற்றாண்டுகள் கிடக்கின்றன. அந்த இடைவெளியை மேடைப் பேச்சு ஒரு மூச்சில் தாண்டிவிடும். சரித்திரம் அப்படித் தாண்ட முடியாது.

நடுகல் என்பது இங்கே தனி அபூர்வம் அல்ல. தேனிப் பக்கத்துப் புலிமான்கோம்பையில் 2006இல் கிடைத்த கற்கள் தமிழ்ப் பிராமி எழுத்துள்ளவை. ஆநிரை கவர்ந்த சண்டையில் இறந்தவனுக்கு நட்டது அதில் ஒன்று. தமிழில் எழுத்துள்ள நடுகற்களில் மிகப் பழையவை அவைதான் என்கிறார்கள். தொல்காப்பியம் கல்லைத் தேடிக் காண்பதில் தொடங்கி, கொண்டுவருவது, நீரில் ஆட்டுவது, நடுவது, படைப்பது, வாழ்த்துவது என்று ஆறு கட்டமாக இந்தச் சடங்கை விவரிக்கிறது. ஆனால் வட்டெழுத்தோடு கூடிய நடுகற்கள் கூட்டமாகக் கிடைப்பது செங்கம், அரூர், தருமபுரி வட்டாரத்தில்தான். 1972இல் தொல்பொருள் துறை வெளியிட்ட 'செங்கம் நடுகற்கள்' தொகுதியைப் புரட்டினால் ஒரு விசித்திரம் புலப்படும். பல்லவ அரசனின் ஆட்சி ஆண்டு முதலில் வருகிறது, அப்புறம் வட்டாரத் தலைவன் பெயர், பெரும்பாலும் பாணன் அல்லது கங்கன், அப்புறம் ஊர், கடைசியில் இறந்தவன் பெயர், இறந்த காரணம். காரணம் பெரும்பாலும் மாடு. எதிரி ஊரான் மாட்டைப் பிடித்துப்போனபோது மீட்கப் போய்ச் செத்தான். அல்லது பிடிக்கப் போய்ச் செத்தான். எடுத்தனூரில் மகேந்திரவர்மன் காலத்துக் கல் ஒன்று, செத்த வீரனோடு அவனுடைய நாயையும் சேர்த்துச் செதுக்கியிருக்கிறது. நாயின் பெயர் கோவிவன். இரண்டு கள்ளரைக் கடித்து நின்ற நாய் என்று எழுதி வைத்திருக்கிறார்கள்.

நாய்க்குப் பெயர் இருக்கிறது. எங்கள் கல்லில் மனிதனுக்கே பெயர் இல்லை. ஆனால் எழுதப்பட்ட கற்களிலும் ஒன்றைக் கவனிக்கலாம். செத்தவன் எந்த இனத்துக்காக, எந்த மொழிக்காகச் செத்தான் என்று அவை சொல்வதில்லை. பக்கத்து ஊரானும் அதே பேச்சுப் பேசினவனாக இருக்கலாம். காஞ்சியிலிருக்கும் அரசனின் பெயர் அங்கே தேதி குறிப்பதற்காக வருகிறது, நம்முடைய காசோலையில் தேதி போடுவது மாதிரி. அவர்களுடைய விசுவாசம் மாட்டுக்கும் ஊருக்கும் தலைவனுக்கும் இருந்தது. அதைப் பெரிய சொற்களால் நிரப்பியது பிற்பாடு வந்தவர்கள்.

ஒன்பதாம் நூற்றாண்டில் தகடூர் நொளம்பர் கையில். தருமபுரியிலேயே கிடைத்த மகேந்திர நொளம்பன் காலத்துக் கல்வெட்டு, சக வருஷம் 815, அதாவது கி.பி. 893. சகோதரர்களான வணிகர் இருவர் தகடூரில் கட்டிய சமணப் பள்ளியைப் பற்றியது. மொழி கன்னடம். பள்ளிக்கூடத்தில் எனக்கு இதை யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. 'வந்தவர்கள்' என்று எங்களைப் பற்றிச் சொல்லும்போதெல்லாம் தலையைக் குனிந்துகொண்டிருந்த எனக்கு, ஆயிரத்து நூறு வருஷத்துக்கு முன்பே என் ஊரில் என் அஜ்ஜியின் மொழி கல்லில் இருந்தது என்று தெரிந்த நாளில் ஏற்பட்ட சந்தோஷத்தை மறைக்க விரும்பவில்லை. ஆனால் அந்தச் சந்தோஷத்தின் சுபாவத்தை அடுத்த நாளே சந்தேகிக்க வேண்டியிருந்தது. 'தகடூர்க் கல் அதியமான் கல்தான்' என்று சொன்ன பையனுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்? அவன் அஞ்சியைப் பிடித்துக்கொண்டான். நான் நொளம்பனைப் பிடித்துக்கொண்டேன். அந்த வணிகர்கள் எனக்கு எந்த விதத்தில் உறவு?

வம்சம் கோருவது எவ்வளவு பழைய வழக்கம் என்பதற்கு இன்னொரு உதாரணமும் தகடூரிலேயே உண்டு. மூன்றாம் குலோத்துங்கன் காலத்தில் தகடூரை ஆண்டவன் விடுகாதழகிய பெருமாள் என்ற அதிகமான். போளூர்ப் பக்கத்துத் திருமலையில் தன் முன்னோன் எழினி செய்துவைத்த யட்சன், யட்சி சிலைகளைச் செப்பனிட்டதாக அவன் கல்வெட்டு சொல்கிறது. அதில் அவன் தன்னைச் சேர வம்சத்தவன் என்று சொல்லிக்கொள்கிறான். தகடூரை அழித்தவனும் சேரன்தான்! ஆயிரம் வருஷத்தில், அழிக்கப்பட்டவனின் பெயரையும் அழித்தவனின் குலத்தையும் ஒரே ஆள் சுமக்க முடிகிறது. இதைப் பொய் என்று நான் சொல்லமாட்டேன். இரண்டு குடிக்கும் உறவு இருந்திருக்கலாம். ஆனால் பழையதிலிருந்து எதை எடுப்பது என்பதை எடுக்கிறவனுடைய தேவைதான் தீர்மானிக்கிறது என்பதை இதைவிட நன்றாக யாரும் காட்டிவிட முடியாது.

அப்புறம் ஹொய்சளர், விஜயநகரம், மைசூர். 1792இல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் திப்பு சுல்தான் பாராமகாலைக் கும்பினியாரிடம் விட்டுக்கொடுத்தார். கேப்டன் ரீடும் அவருக்குக் கீழே தாமஸ் மன்றோவும் வந்து நிலம் அளந்தார்கள். 1956இல் மொழிவாரியாக ராஜ்யங்களைப் பிரித்தபோது காவிரிக்கு அப்பால் கொள்ளேகால் மைசூருக்குப் போயிற்று. இப்பால் ஓசூரும் தருமபுரியும் சென்னை ராஜ்யத்தில் நின்றன. 1965இல் சேலத்திலிருந்து தருமபுரி தனி மாவட்டமாயிற்று. 2004இல் அதிலிருந்து கிருஷ்ணகிரி பிரிந்தது. இத்தனை கோடுகளுக்குப் பிறகும் மாரண்டஹள்ளி ஹள்ளியாகவும், நல்லம்பள்ளி பள்ளியாகவும், பாப்பிரெட்டிப்பட்டி பட்டியாகவும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. என் கௌண்ட்டருக்கு வருகிறவர் என்னிடம் தமிழில் கணக்குக் கேட்பார், மனைவியிடம் தெலுங்கில் ஆலோசிப்பார், கைபேசியில் கன்னடத்தில் திட்டுவார், தமிழில் கையெழுத்துப் போடுவார். இவரை எந்த மொழியின் வாரிசு என்று பதிவது?

4

தருமபுரியைப் பற்றி எழுதுகிறவன் காகஸஸ் மலைக்கு ஏன் போகிறான் என்று நண்பர்கள் கேட்கலாம். இந்தக் குழப்பத்தில் இருந்தபோது ஜார்ஜியாவின் சரித்திரத்தை வாசிக்க நேர்ந்தது, அதனால்தான். சின்ன நாடு. 2014ஆம் வருஷக் கணக்கில் சுமார் 37 லட்சம் ஜனங்கள். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்கள் இரண்டையும் சேர்த்தால் 2011இல் ஏறக்குறைய 34 லட்சம். அவ்வளவுதான் வித்தியாசம். சொந்த மொழி, சொந்த எழுத்து, பழைய இலக்கியம், சுற்றிலும் பெரிய சாம்ராஜ்யங்கள். நமக்குப் பரிச்சயமான மனநிலைகள் எல்லாம் அங்கே உண்டு.

தங்கள் எழுத்தை கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் பர்னவாஸ் என்ற அரசன் உண்டாக்கினான் என்று அவர்களுடைய மத்தியகாலச் சரித்திர நூல் சொல்கிறது. இல்லை, எங்கள் மெஸ்ரோப் மஷ்டோட்ஸ்தான் செய்துகொடுத்தார் என்பது பக்கத்து ஆர்மீனியரின் மரபு. கல்லைக் கேட்டால், ஜார்ஜியாவுக்குள் போல்னிசி தேவாலயத்தில் இருப்பது ஐந்தாம் நூற்றாண்டின் கடைசி. அதற்கும் முந்தியதாகக் கருதப்படுவது ஜார்ஜியாவிலேயே இல்லை. பாலஸ்தீனத்தில் பெத்லஹேமுக்குப் பக்கத்தில், ஜார்ஜியத் துறவிகள் தங்கியிருந்த மடத்தின் இடிபாட்டில் தரைச் சித்திரக் கற்களில் கிடைத்தது. ஜம்பைக் குகையை நினைத்துக்கொண்டேன். நம் பெயர் எழுதப்பட்டிருப்பது நம் வீட்டில் அல்ல. எங்கோ துறவிகள் படுத்த இடத்தில்.

பத்தாம் நூற்றாண்டில் கியோர்கி மெர்ச்சுலே என்ற துறவி ஒரு மகானின் வாழ்க்கையை எழுதும்போது, போகிற போக்கில் தன் நாட்டுக்கு ஓர் இலக்கணம் சொல்கிறார்: எந்த நிலத்தில் பூசையும் பிரார்த்தனையும் ஜார்ஜிய மொழியில் நடக்கின்றனவோ அதெல்லாம் நம் நாடு. ரத்தம் இல்லை, எல்லைக்கோடு இல்லை. காரியம் நடக்கிற மொழி. எனக்கு இது பிடித்திருந்தது. என்னைப் போன்ற ஒருவனுக்கு இந்த இலக்கணத்தில் இடம் உண்டு. நான் காரியம் செய்கிற மொழி தமிழ். ஆகவே நான் தமிழன். விஷயம் தீர்ந்தது.

தீரவில்லை. 1978இல் சோவியத் அதிகாரம் ஜார்ஜியக் குடியரசின் அரசியல் சட்டத்திலிருந்து ஜார்ஜிய மொழியின் தனி அந்தஸ்தை எடுக்கப் பார்த்தது. ஏப்ரல் 14ஆம் தேதி திபிலிசியில் ஆயிரக்கணக்கானவர்கள், பெரும்பாலும் மாணவர்கள், தெருவுக்கு வந்தார்கள். அதிகாரம் பின்வாங்கிற்று, மொழியின் இடம் நிலைத்தது. 1965ஐ அறிந்த நமக்கு அந்த நாளின் அர்த்தத்தை யாரும் விளக்க வேண்டியதில்லை. ஆனால் அதே வருஷம் ஜார்ஜியாவுக்குள் இருந்த அப்காசியர் தங்கள் மொழிக்காக, ஜார்ஜியரின் ஆதிக்கத்துக்கு எதிராகப் போராடினார்கள். பன்னிரண்டு வருஷம் கழித்து, 1990 டிசம்பரில், தென் ஒஸ்ஸேத்தியாவின் சுயாட்சியை ஜார்ஜியா ரத்து செய்தது. 1992-93இல் அப்காசியாவில் யுத்தம். இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட ஜார்ஜியர் வீடிழந்தனர். இவர்களில் பெரும்பகுதியினர் வீட்டில் பேசியது ஜார்ஜிய மொழி அல்ல, மிங்கிரேலியன். அது ஜார்ஜிய மொழிக்குத் தங்கை. எழுத்திலும் பள்ளியிலும் கோயிலிலும் ஜார்ஜிய மொழி, அடுப்படியில் மிங்கிரேலியன். கணக்கெடுப்பில் அவர்கள் ஜார்ஜியர்கள். அப்படித்தான் தங்களைச் சொல்லிக்கொள்கிறார்கள். அந்த வருஷங்களின் உரத்த தேசியக் குரலாக இருந்த முதல் ஜனாதிபதி கம்சகூர்தியாவின் தகப்பனார், பெரிய நாவலாசிரியர், பிறந்தது மிங்கிரேலியாவில்.

இதைப் படித்தபோது அப்பாவின் முகம் ஞாபகம் வந்தது. 'தமிழ்' என்று அவர் சொன்ன அவசரம். பொய் சொல்லவில்லை அவர். ஆனால் உள்ளேயிருந்து ஒரு குரல் வந்துவிடக்கூடாதே என்ற பயமும் அந்த அவசரத்தில் இருந்தது. காரியம் நடக்கிற மொழிதான் அடையாளம் என்று சொல்வது தாராளமான இலக்கணம். ஆனால் எது காரியம், எது காரியமில்லை என்று யார் தீர்மானிப்பது? அடுப்படியில் நடப்பதும், வேடியப்பனிடம் முணுமுணுப்பதும் காரியத்தில் சேர்த்தியா, இல்லையா? இந்தக் கேள்வியைக் கேட்காமல் விட்டால் மெர்ச்சுலேயின் இலக்கணம் ஒரு கதவைத் திறந்து இன்னொன்றைச் சாத்திவிடும். மேலே சொன்ன யுத்தங்களுக்கு இது மட்டுமே காரணம் என்று நான் சொல்லவில்லை. மாஸ்கோவின் கையும் அதில் உண்டு. ஆனால் பெரியவனிடம் தன் மொழிக்காக நியாயம் கேட்டு ஜெயித்தவன், தன்னைவிடச் சிறியவன் அதையே கேட்கும்போது செவிடாகிவிடுகிறான் என்பதற்கு ஜார்ஜியா ஒரு தெளிவான சாட்சி. நாமும் வெகுதூரத்தில் இல்லை.

5

மரபு பரம்பரைச் சொத்து மாதிரி கைக்கு வந்துவிடாது, உழைத்துத்தான் பெற வேண்டும் என்று எலியட் 1919இல் எழுதினார். கல்லூரியில் இதை மனப்பாடம் செய்து மார்க் வாங்கியிருக்கிறேன். அவர் உழைப்பு என்று சொன்னது வாசிப்பை, சரித்திர உணர்வை. அவருடைய ஐரோப்பாவுக்கு அது பொருந்தலாம். எங்கள் ஊரில் வேறு மாதிரி உழைப்பு ஒன்று நடந்திருக்கிறது. யாரோ ஒருவன் மாட்டுக்காகச் செத்தான். அவனை அறிந்தவர்கள் கல் நட்டார்கள். அவர்களும் போனார்கள். அவன் பெயர் மறந்தது. அவன் பேசிய மொழி எதுவென்றும் தெரியாமல் போயிற்று. அப்புறம் வந்தவர்களோ இருந்தவர்களோ, யாரோ சிலர், அவனை வேடியப்பன் என்று கூப்பிட்டு எண்ணெய் ஊற்றினார்கள். மழை பெய்யவில்லை என்றால் அவனிடம் போய்ச் சொன்னார்கள். அஜ்ஜி கன்னடத்தில் சொன்னாள். பக்கத்து வீட்டுப் பாட்டி தமிழில் சொன்னாள். அவனுடைய வம்சம் நாங்கள் என்று இருவரும் சொல்லிக்கொண்டதில்லை. கல் விழாமல் நிற்பதற்கு இதுதான் காரணம், அதியமான் காரணமல்ல.

தருமபுரி அகழ்வைப்பகத்தில் வரிசையாக நிறுத்தப்பட்டிருக்கும் நடுகற்களைப் பார்க்கிறபோது, அவை பாதுகாக்கப்படுவதில் எனக்குத் திருப்திதான். எழுத்துள்ள கல்லை வாசிக்க வேண்டும், பதிப்பிக்க வேண்டும். அந்தச் சிரத்தை இல்லாவிட்டால் கோவிவன் என்ற நாயைக்கூட நாம் அறிந்திருக்க மாட்டோம். நான் சந்தேகப்படுவது வாசிக்காமலேயே உரிமை கொண்டாடுவதை. எழுத்தில்லாத கல் அதற்கு மிக வசதி. எதை வேண்டுமானாலும் அதன்மேல் எழுதலாம், அது மறுக்காது. இன்று அதியமான் படைவீரன் என்று எழுதினால், நாளைக்கு அவன் என்ன ஜாதி என்று ஒருவன் எழுதுவான். பக்கத்து ஊர்களில் அது ஆரம்பித்தாகிவிட்டது. அப்புறம் எண்ணெய் ஊற்ற யாருக்கு உரிமை என்று கேள்வி வரும். அன்றைக்கு அம்மாவிடம் யாராவது ஒருவன் வந்து, நீங்கள் வீட்டில் என்ன பேசுகிறீர்கள் என்று கேட்பான்.

மாசி கடைசியில் பையன்களைக் கூப்பிட்டு ஒரு தாளைக் கொடுத்தேன். அதில் எழுதியிருந்தது இவ்வளவுதான்: 'இது நடுகல். சண்டையில் இறந்த ஒருவனுக்காக நடப்பட்டது. ஆயிரம் ஆண்டுகளுக்குக் குறையாத பழமை உடையதாகத் தோன்றுகிறது. எழுத்து இல்லை. இறந்தவன் பெயர் தெரியவில்லை. ஊரார் வேடியப்பன் என்று கும்பிடுகிறார்கள்.'

மூத்தவன் இரண்டு தடவை படித்தான். 'என்னண்ணா, ஒண்ணுமே இல்லாம எழுதியிருக்கீங்க?' என்றான். இருக்கிறதை எழுதினேன் என்றேன். அதியமான் பெயரைப் போட்டால் அதிகாரிகள் கவனிப்பார்கள், சாலை கிடைக்கும் என்று அவன் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. எங்கள் ஊருக்கு அந்தச் சாலை வேண்டும். அதற்கு என்னிடம் பதில் இல்லை, இப்போதும் இல்லை.

பங்குனியில் பலகை வந்துவிட்டது. மேலே பெரிய எழுத்தில் 'மாவீரன் அதியமான் புகழ் ஓங்குக' என்று சிவப்பில். கீழே சின்ன எழுத்தில் நான் எழுதிய வரிகள், 'பெயர் தெரியவில்லை' என்பது வரை, பிழையில்லாமல். இரண்டும் ஒன்றையொன்று மறுக்கின்றன என்று ஊரில் யாருக்கும் தோன்றவில்லை. அம்மா பலகையைப் படிக்கவில்லை. அவளுக்கு வாசிக்கத் தெரியாது. அஜ்ஜி போன பிறகு அந்த வேலை அவளுடையது. எண்ணெய்க் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு, தகரக்கூரை போட்டதிலிருந்து வேடியப்பன்மேல் மழை விழுவதில்லையே என்று மட்டும் கேட்டாள், கன்னடத்தில்.